ஏழாம் மலையில் சொன்ன பிள்ளை

பெரியாயி மூன்று நாட்களாகக் கஞ்சியில் உப்புப் போடவில்லை. முதல் நாள் மறந்துவிட்டாள் என்று அவள் புருஷன் தம்பையா நினைத்தான். இரண்டாம் நாள் உப்புச் சட்டியை எட்டிப் பார்த்தான். பாதிக்கு மேல் இருந்தது. மூன்றாம் நாள், காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போகும் அவசரத்திலும் கோப்பையைக் கீழே வைத்தான்.

"என்னா புள்ள, உப்புக்கு என்னா வந்துச்சு?"

அவள் அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள். "தை வரைக்கும் உப்பு தொடக் கூடாதுன்னு சொல்லியிருக்காருங்க. வெளக்கு எரியிற எடத்துல ஒக்காரக் கூடாதாம். நமக்குப் புள்ள பொறக்கப் போவுது."

"யாரு சொன்னது?"

பதுளைக்கு இன்னும் ரயில் போகாத காலம். இலங்கையில் அப்புத்தளைக்கு மேலே, மேகம் கூலிகளின் லயத்து வரிசை வீடுகளுக்குள்ளேயே வந்து படுத்துக்கொள்ளும் தேயிலைத் தோட்டம் அது. கல்யாணமாகி ஒன்பது வருஷம். அடுத்த வீட்டில் பிள்ளை பிறந்தால் பெரியாயியைக் கூப்பிடமாட்டார்கள்; அவளும் தெரியாதவள்போல் தண்ணீருக்குப் போய்விடுவாள். அப்படிப்பட்டவள் இப்போது மெதுவாக, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் சொன்னாள். ஏழாம் நம்பர் மலையின் உச்சியில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தபோது பனி இறங்கியதாம். பக்கத்து நிரைகளில் பறிப்பவர்களின் பேச்சு ஒவ்வொன்றாக அடங்கி, கடைசியில் தன் விரல் கொழுந்தை ஒடிக்கும் சத்தம் மட்டும் கேட்டதாம். செடிகளுக்கு நடுவில் வெள்ளை வேட்டியோடு ஒருவர் நின்றாராம்.

"மொகம் தெரியலீங்க. ஆனா அந்தப் பனியில அவரு வேட்டி நனையவே இல்ல."

தம்பையா முதலில் மனுஷரைத்தான் சந்தேகித்தான். கங்காணி வீட்டுக்கு வந்துபோகும் ஆட்களை ஒவ்வொருவராக மனசுக்குள் நிறுத்திப் பார்த்தான். மத்தியானம் ஏழாம் மலைக்கு ஏறினான். ஈர மண்ணில் அவள் பாதம் ஆழமாகப் பதிந்திருந்தது. எதிரே ஒரு புல்கூட மிதிபடவில்லை. பல நாள் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்தால் வரும் வாசனை, நாலு பக்கமும் காற்றடிக்கும் அந்த மலையில், அந்த ஓரிடத்தில் மட்டும் நின்றுகொண்டிருந்தது.

சாமி எதற்கு விளக்கை வேண்டாம் என்கிறது?

அவளிடம் கேட்க வாய் வரவில்லை. அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். மறுநாள் தம்பையா முனியாண்டி சாமி கல்லுக்குத் தேங்காய் உடைத்தான். "சாமி, வந்தது நீ அனுப்புன ஆளுன்னா மறுபடி ஒருக்கா அனுப்பு. எங்க ரெண்டு பேரு முன்னாலயும் நின்னு, அந்தப் புள்ளைய எப்புடி வளக்கணும்னு சொல்லட்டும்."

கல்லுக்கு முன்னால் ஏற்றிய சுடர் அணைந்தது. காற்றில்லை. மறுபடி ஏற்றினான். மறுபடி அணைந்தது. கும்பிட்ட கையை இறக்காமல் நின்றான். தான் கேட்டது யார் காதில் விழுந்தது என்று அவனுக்குச் சட்டெனத் தெரியாமல் போயிற்று.

அதிலிருந்து ஒன்பதாம் நாள், மழைத்தண்ணீர் வடிய அவன் கான் வெட்டிக்கொண்டிருந்த இடத்துக்குப் பெரியாயி மூச்சிரைக்க ஓடிவந்தாள். "வாங்க. வந்திருக்காரு. ஒங்களையும் கூட்டியாரச் சொன்னாரு."

பனி இடுப்பளவு இருந்தது. வந்தவர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். தம்பையாவின் தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அந்த வேட்டி உலர்ந்து, மடிப்புக் கலையாமல் இருந்தது.

"சாமி, நீங்க யாருங்க? பேரு என்னாங்க?"

"பேரு எதுக்கு?"

குரல் பக்கத்தில் கேட்டது. அவர் நின்ற தூரத்துக்கு அது பொருந்தவில்லை.

"வீட்டுக்கு வாங்க சாமி. சேவல் அடிச்சு சோறு போடுறோம்."

"நான் சாப்புடறதில்ல. அவன் சாப்புடுவான்."

தம்பையா விடாமல் கேட்டான். "அந்தப் புள்ளைய எப்புடி வளக்கணும்?"

"வளக்க வேண்டாம். வழி மறிக்காம இருந்தா போதும்."

பெரியாயி மண்ணில் விழுந்து கும்பிட்டாள். எழுந்தபோது அங்கே பனி மட்டும் இருந்தது. அவள் அழுதாள், சந்தோஷத்தில். தம்பையா திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இறங்கினான்.

வயிறு வளர்ந்தது. லயத்தில் எல்லாரும் அவளைத் தேடி வந்தார்கள். ஏழாம் மாசம் மருத்துவச்சி கருப்பம்மா வயிற்றைத் தடவிப் பார்த்தாள். கை நின்றது. சட்டென இழுத்துக்கொண்டாள். வாசல் திண்ணையான இஸ்தோப்புக்கு வந்து, தம்பையாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"நான் அமுக்குனேன். உள்ளேருந்து திருப்பி அமுக்குச்சு. விரிச்ச கையி தம்பி. என் கையளவு இருந்துச்சு."

வேறு ஊருக்குப் போய்விடலாம் என்றான். பெரியாயி கதவில் சாய்ந்து நின்றாள். "ஒம்போது வருசம் யாரும் என்னைய ஏறெடுத்துப் பாக்கல. எங்க கூப்புடுறீங்க?"

மறுநாள் அவளுக்குத் தெரியாமல் அவள் கஞ்சியில் ஒரு சிட்டிகை உப்பைக் கரைத்தான். சாமி பிள்ளையானால் உப்பு என்ன செய்துவிடும்? வேறு ஏதாவது என்றால் தெரிந்துவிடட்டும். அவள் ஒரு மிடறு குடித்தாள். நிறுத்தினாள். பிறகு கோப்பையைக் காலி செய்துவிட்டுச் சிரித்தாள்.

"இந்த ஒரு தடவ போகட்டும்னு சொல்றான்."

"யாரு?"

அவள் வயிற்றில் கை வைத்தாள். அதற்குப் பிறகு அவன் கையால் எதையும் வாங்கிச் சாப்பிடவில்லை.

தை பிறந்த நாலாம் நாள், காலையிலேயே வலி எடுத்தது. கருப்பம்மா வரமாட்டேன் என்றாள். காலில் விழுந்து கூட்டிவந்தான். கதவு சாத்தப்பட்டது. இஸ்தோப்பில் உட்கார்ந்து காத்திருந்தான். பெரியாயி ஒரு தடவைகூடக் கத்தவில்லை. உள்ளே யாரோ முணுமுணுப்பது மட்டும் கேட்டது. லயத்து நாய்கள் வரிசையாக எழுந்து கீழ்ப்பாதையில் இறங்கின. ஒன்றுகூடக் குரைக்கவில்லை.

கதவு திறந்தது.

கருப்பம்மா வந்தாள். கை கழுவவில்லை. முந்தானை கீழே புரண்டது. அவனைத் தாண்டி மழையில் இறங்கினாள்.

"ஆத்தா, என்னா புள்ள?"

அவள் நிற்கவில்லை.

உள்ளே போனான். அடுப்பு அணைந்திருந்தது. பூட்டிக் கிடந்த அறையின் வாசனை. பிள்ளை அழும் சத்தம் இல்லை. மூலையில் பெரியாயி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் துணிச்சுருள்.

"புள்ள நல்லாருக்கா?"

"சத்தம் போடாதீங்க. கேட்டுக்கிட்டிருக்கேன்."

குனிந்து, துணிச்சுருளின் விளிம்பில் காதை வைத்திருந்தாள். உதடுகள் அசைந்தன.

"சரிங்க… சரிங்க சாமி."

துணிக்குள் ஏதோ தொடர்ந்து பேசியது. மெல்ல. நிதானமாக. ஒரு பெரிய மனுஷனின் பேச்சுபோல.

அவன் பின்னால் நகர்ந்தான். கதவு முதுகில் இடித்தது. உள்ளே வந்தபோது அதை அவன் சாத்தவில்லை.

பெரியாயி நிமிர்ந்தாள். அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். எங்கிருந்து தொடங்கலாம் என்று பார்ப்பதுபோல.

"இவரையா?" என்று துணிச்சுருளிடம் கேட்டாள்.

காதை வைத்தாள். தலையாட்டினாள்.