சோற்றில் பல்

கூம்பா அக்காவுக்குத் தன் கணவர்மேல் கோபம் இல்லை, கைப்பேசிமேல்தான் கோபம். எல்லை தாண்டி டாக்கார் நகரில் வேலை செய்யும் அவர் அனுப்புவதெல்லாம் குரல் செய்தி. லாபே ஊர்ச் சந்தையில் தயிர் விற்றபடி அதைக் கேட்டால், பக்கத்தில் வெங்காயம் விற்கும் ஹவாவுக்கும் சேர்த்துக் கேட்கும்.

"அவரை எழுதி அனுப்பச் சொல்லுங்களேன் அக்கா," என்றாள் தயிர் வாங்க வந்த பத்து வயது டலாண்டா.

"எங்க ரெண்டு பேருக்கும் தெரிஞ்சது நம்ம மொழிக்குன்னே உண்டான அத்லாம் எழுத்துதான்டி. இந்தப் போன்ல அது வெறும் கட்டம் கட்டமா வருது!"

டலாண்டாவின் அண்ணன் சைக்கூதான் அந்தக் கட்டங்களை விரட்டப் பாடுபட்டுக்கொண்டிருந்தான். கணினியில் அத்லாம் எழுத்து ஒவ்வொன்றுக்கும் தனி எண் கிடைத்துவிட்டது. அந்த எண்ணைப் பார்த்ததும் போன் காட்டவேண்டிய உருவங்களை அவன் வரைந்துகொண்டிருந்தான்.

ஒருநாள் மதியம், "முடிஞ்சுது! சாயங்காலம் எல்லாருக்கும் அனுப்பிடலாம்!" என்று குதித்தான். தன் போனிலும் அம்மாவின் போனிலும் ஏற்றினான்.

டலாண்டா தட்டிப் பார்த்தாள். எழுத்துகள் வலமிருந்து இடமாகக் கைகோத்து வந்தன. ஆனால் நெடிலுக்கு மேலே போடும் குறியைக் காணோம்! வரியின் மேல் விளிம்பு அதை வெட்டிவிட்டிருந்தது. குறி போனால் நெடில் குறிலாகிவிடுமே!

"அண்ணா, குறியைக் காணோம்."

"துக்கினியூண்டு குறி! படிக்கிறவங்க புரிஞ்சுப்பாங்க. போய் விளையாடு."

டலாண்டா விளையாடப் போகவில்லை. சமையலறையில் அம்மா சோளச்சோற்றில் பால் ஊற்றிக்கொண்டிருந்தாள். டலாண்டா அம்மாவின் போனை எடுத்து அண்ணனுக்கு அத்லாமில் எழுதினாள்: 'சோத்துல பால் இருக்கு. சீக்கிரம் வா.'

சைக்கூ தலைதெறிக்க ஓடிவந்தான். "சோத்துல பல்லா? யாரோட பல்லும்மா?"

"என்னடா உளர்றே?" என்ற அம்மாவின் வாயையே உற்றுப் பார்த்தான். எல்லாப் பல்லும் இருந்தன.

"நான் பால்னுதான் எழுதினேன்," என்றாள் டலாண்டா. "கூம்பா அக்கா ஆசையா ஒண்ணு எழுத, அங்கே வேற ஒண்ணு போய்ச் சேர்ந்தா?"

சைக்கூவுக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. "சரி, இன்னிக்கு அனுப்பலை. என்ன பண்ணலாம், நீயே சொல்லு."

"எழுத்தைக் கொஞ்சம் குட்டையாக்கேன். குறிக்கு இடம் கிடைக்கும்."

எழுத்துகள் குட்டையாயின. குறிகள் நிமிர்ந்து நின்றன.

அடுத்த வாரம், தன் போனிலும் கணவர் போனிலும் புது எழுத்து ஏறியதும், சந்தையில் கூம்பா அக்கா ஒவ்வோர் எழுத்தாகத் தட்டி அனுப்பினாள். பதில் வந்தது. படித்தாள். மறுபடி படித்தாள். முகம் மலர்ந்துபோயிற்று.

"என்னவாம்? கொஞ்சம் சத்தமா வை," என்று கழுத்தை நீட்டினாள் ஹவா.

கூம்பா அக்கா போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். "இதுக்குச் சத்தமே கிடையாது ஹவா!"