பெப்பர்மிண்ட் சோதனை

கக்கூஸ் கோப்பையில் தண்ணீர் அசைந்துகொண்டிருந்தது. வெளியே ஒரு இலைகூட ஆடவில்லை. பைன் மரங்கள் ஆர்கன்சா குளிரில் விறைத்து நின்றன. ஆனாலும் கோப்பைக்குள் தண்ணீர் கொஞ்சம் ஏறியது, கொஞ்சம் இறங்கியது, வயிறு முட்டத் தின்றுவிட்டுத் தூங்குகிறவன் தொப்பைபோல.

"சனியன்," என்று வெர்லின் ஸ்டோக்ஸ் கோப்பையின் மூடியைச் சாத்தினான்.

அந்த டிரெய்லர் குடியிருப்பு மொத்தமும் அவனுடையது. சக்கரத்தின்மேல் வந்து செங்கல்லின்மேல் துருப்பிடிக்கிற தகரப் பெட்டிகள். அவற்றில் குடியிருந்தவர்களை அவன் மனிதக் கணக்கில் சேர்த்ததில்லை. குழாய் ஒழுகுகிறது என்று வந்து நிற்பார்கள். ஒழுகாத குழாய் வேண்டுமென்றால் நல்ல இடத்தில் பிறந்திருக்கலாமே என்று அனுப்பிவிடுவான்.

இந்தப் பெட்டியை மட்டும் இன்றைக்கு விற்றே ஆக வேண்டும். பார்க்க வந்த இரண்டு பேர் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடிவிட்டார்கள். மூன்றாவதாகக் கோழித் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஜோடி ஒன்று இருட்டுவதற்குள் வருவதாகச் சொல்லியிருந்தது. காலையில் அவன் மனைவி லர்லீன் முட்டையைத் தட்டில் தள்ளிக்கொண்டே சொல்லியிருந்தாள்: "அந்த நாத்தப் பொட்டிய வித்துட்டு வா. இல்லேன்னா நீயே அதுல போய்ப் படு." வீடு அவள் அப்பன் வீடு. சொன்னால் செய்வாள்.

நாற்றம் எதனால் என்று வெர்லினுக்குத் தெரியும். போன இலையுதிர் காலத்தில் கூரை ஒழுகியபோது, மேலே நீட்டிக்கொண்டிருந்த காற்றுக்குழாயை அறுத்துத் தள்ளிவிட்டு அதன்மேலேயே புதுத் தகரத்தை அறைந்தவன் அவன்தான். சாக்கடைக் குழாய்க்கு மேலிருந்து காற்று வேண்டும். கிடைக்காவிட்டால், தண்ணீர் இறங்கும்போதெல்லாம் தொட்டியடியில் குழாய் வளைவில் நிற்கும் தண்ணீரையும் சேர்த்து உறிஞ்சிவிடும். அந்த வளைவுத் தண்ணீர்தான் காவல். காவல் போனால், கீழே இருப்பது மேலே வரும். ஒற்றைக் கிழவிக்கு இதெல்லாம் எதற்கு என்று விட்டுவிட்டான்.

இந்தப் பெட்டியில் தனியாகக் குடியிருந்த அந்தக் கிழவி, மிஸ் ஓபல், பலமுறை வந்து முறையிட்டாள். கடைசியாகச் சாப்பாட்டுக் கடையிலேயே வந்து பிடித்தாள். வெர்லின் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்துக் கிண்ணத்திலிருந்து ஒரு பெப்பர்மிண்ட் மிட்டாயை எடுத்து அவள் கையில் வைத்தான். "நாறுறது குழாய் இல்ல, மிஸ் ஓபல், வயசு. இத வாயில போட்டுக்கங்க. உங்களுக்கும் நல்லது, ஊருக்கும் நல்லது."

கடையே சிரித்தது. கிழவி மிட்டாயை வாயில் போட்டு, அவனையே பார்த்தபடி, அது கரையும்வரை பல்செட்டில் தட்டித் தட்டி உருட்டிக்கொண்டு நின்றாள். கட். கட்.

ஜனவரிக் குளிரில் ஜன்னல்களையெல்லாம் சாத்திப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. பிணத்தை எடுக்கப் போனபோது வாயில் மிட்டாய் இருந்ததாம். வெர்லின் அதையும் கடையில் சொல்லிச் சிரிக்க வைத்தான்.

"மாப்ளே!" கூரையிலிருந்து லர்லீனின் அண்ணன் ஓடெல் கத்தினான். "தகரத்த வெட்டியாச்சு! குழாய் கெடச்சிருச்சு!"

"எண்ணெய்க் கெணறு கண்டவன் மாதிரி கத்தாத மச்சான். பெப்பர்மிண்ட் தைலத்த ஊத்து. ஓட்ட எங்க இருக்கோ அங்க மணக்கட்டும்."

"கதவெல்லாம் சாத்திக்க. ஊத்துன கையோட நான் உள்ள வரமாட்டேன். வந்தா வீடே மணக்கும், எங்க கசியுதுன்னு தெரியாது. நீதான் மோப்பம் புடிக்கணும். அடுத்தவன் வீட்ல நுழையிறதுக்குன்னே பொறந்த மூக்குதானே."

"வந்து உன் மூக்க உடைக்கிறேன். ஊத்துய்யா!"

தகரத்தில் முழங்கால் உரசியது. பிறகு, குரல் இறங்கி: "மாப்ளே... குழாய் இழுக்குது. கைய மேல வச்சா, உள்ளங்கைய இழுக்குது."

"உன்னையே இழுத்துக்கட்டும். ஆள் வர்ற நேரம்!"

காலடிகள் கூரை ஓரம்வரை போய் ஓய்ந்தன. வெர்லின் கதவைத் தாழிட்டான். பழைய கம்பளத்தின் நாய்வாடை, அடுப்பில் என்றோ பொரித்த மீனின் எண்ணெய்ச் சிக்கு, எல்லாவற்றுக்கும் அடியில் இனிப்பாக அழுகிய முட்டை நாற்றம். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பிரித்து முகர்ந்துகொண்டே சமையல் தொட்டியடியில் குனிந்தான். மிட்டாய் வாசனை இல்லை. குளியல் தொட்டியில் இல்லை. சுவருக்குள் எங்கோ 'கட்' என்றது. குளிரில் குழாய் சுருங்குகிறது என்று நினைத்துக்கொண்டான். சாத்திய மூடிக்கு அடியில் தண்ணீர் மெல்ல ஏறி இறங்கிச் சளசளத்தது.

படுக்கையறை வாசலில் வாசனை அடித்தது.

பெப்பர்மிண்ட். அந்த அறையில் குழாயே கிடையாது. ஒரு கட்டில், கிழவியின் உடம்பளவு குழிந்த மெத்தை, அவ்வளவுதான். வாசனை வெதுவெதுப்பாக இருந்தது. வந்தது. நின்றது. மறுபடி வந்தது.

"மச்சான்! படுக்கையறைல வருது! ஊத்துனது போதும்!"

பதில் கூரையிலிருந்து வரவில்லை. தெருவோரத்து வண்டிப் பக்கமிருந்து வந்தது.

"என்னத்த ஊத்துனது? பாட்டில இப்பதான் எடுக்கறேன். மூடியே திறக்கல!"

வெர்லின் சிரிக்கப் பார்த்தான். கிழவி. நாறிப்போன கிழவி. செத்தவள். உள்ளுக்குள் திட்டித் தீர்த்தான். கால் நகரவில்லை.

பிடரியில் ஈரக் காற்று. இனிப்பு. அதற்கடியில் சாக்கடை.

கட்.

சுவரில் இல்லை. காதோரம்.

மூச்சை அடக்கினான். குளியலறையில் தண்ணீர் சளசளப்பது நின்றது. மூச்சை விட்டான். தண்ணீர் ஏறியது. இழுத்தான். இறங்கியது.

கத்த வாயைத் திறந்தான். நாக்கின்மேல் ஏதோ இருந்தது. உருண்டையாக. வழுவழுப்பாக. பாதி கரைந்ததாக. துப்ப முடியவில்லை. உதடுகள் தாமாக மூடிக்கொண்டன. முழங்கால் மடிந்தது. முதுகு மெத்தையில் பட்டது. கிழவியின் குழி அவனுக்கு அளவாக இருந்தது.

ஜன்னலில் ஒரு வண்டியின் விளக்கு வெளிச்சம் ஊர்ந்து வந்து நின்றது. வாங்க வந்தவர்கள்.

கூரைமேல் ஓடெலின் குரல்: "இப்ப ஊத்தியாச்சு மாப்ளே! வாசனை வருதா?"

வெர்லின் பதில் சொல்லப் பார்த்தான். அவனைக் கேளாமலே நாக்கு புரண்டு, மிட்டாயைப் பல்வரிசையில் தட்டியது.

கட். கட்.