இருநூற்று நாற்பத்தேழு சென்டிமீட்டர்

காலை ஐந்தரைக்கு எழுந்திருக்கிறேன். பால் காய்ச்சி, ஒரு டம்ளர் காபி. ஷேவிங். குளியல். ஃபேக்டரி சட்டையை இஸ்திரி போடுகிறேன். ஆறு நாற்பதுக்கு பீரோவைத் திறந்து காகிதச் சுருளை அளக்கிறேன். ஏழே காலுக்கு ஃபேக்டரி பஸ்.

அளப்பதுதான் என் வேலை. ஆம்பூரில் ஒரு தோல் ஃபேக்டரியில் கடைசியாக வரும் தோல்களை அளந்து முத்திரை போடுகிறேன். என் அளவு இதுவரை தவறியதில்லை.

சுருள் என் மகனுடையது.

என் மனைவி ஹெப்சி வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் பச்சிளங்குழந்தைகள் வார்டு நர்ஸ். 2002 ஆகஸ்டில் அங்கேயே பிரசவம். நஞ்சுக்கொடி முன்னாலேயே பிரிந்துவிட்டது. குழந்தை மூச்சில்லாமல் பிறந்தான். மூச்சுக்குக் குழாய் வைத்தார்கள். தலையில் இரண்டு ஒயர் ஒட்டி மூளை மானிட்டரில் இணைத்தார்கள். அது மணிக்கு ஆறு சென்டிமீட்டர் வேகத்தில் காகிதத்தில் கோடு வரையும். ஊசி போட்டால், ஒயர் மாற்றினால், நர்ஸ்கள் நேரத்தோடு ஓரத்தில் எழுதுவார்கள்.

கோடு அடியில் தட்டையாக ஓடியது. நாற்பத்தெட்டு மணி நேரம் பார்க்கலாம் என்றார் டாக்டர். அதற்குள் அது அகலமாகி, குறுகி, மறுபடி அகலமானால் குழந்தை தூங்கி விழிக்கிறது என்று அர்த்தம். அப்படியென்றால் நம்பலாம்.

மூன்றாம் நாள் காலை ஹெப்சியை வீல்சேரில் கூட்டி வந்தார்கள். கோட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து ஒன்று சொன்னாள். நம்பிக் கிளம்பினேன். அப்போது ஆறு நாற்பது.

பதினொரு மணிக்குத் திரும்பினேன். இருவரும் இல்லை.

குழாயை ஏழு பத்துக்கு எடுத்திருந்தார்கள். சம்மதக் கையெழுத்து ஹெப்சியுடையது. மகனை மடியில் வைத்திருந்தாள். ஒன்பது மணிக்கு அவள் நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்தது.

ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே போனாள் என்று அடக்க ஆராதனையில் பாஸ்டர் சொன்னார். பிறகு அவளோடு வேலை செய்த சகீனா வந்து சுருளைக் கையில் கொடுத்தாள்.

"நீங்க இருந்தா எடுக்க விடமாட்டீங்கன்னு சொன்னா அண்ணா. அதான் உங்கள அனுப்பிட்டா."

அளந்தேன். இருநூற்று நாற்பத்தேழு. நாற்பத்தொரு மணி, பத்து நிமிடம். நாற்பத்தெட்டுக்கு இன்னும் ஏறக்குறைய ஏழு மணி நேரம் இருந்திருக்கிறது. ஓரத்தில் அவள் கையெழுத்து: '6.40. அப்பா போய்ட்டார்.'

அந்த வரியை மன்னிக்க முடியவில்லை. சுருளை பீரோவில் வைத்துப் பூட்டினேன். வருஷக்கணக்கில் தினமும் எடுத்து அளந்தேன். அளவு மாறவில்லை.

போன திங்கட்கிழமை காலை பீரோவுக்குள் ஒரு சத்தம். பேனா முள் காகிதத்தில் உராய்கிற சத்தம்.

திறந்தேன். ஸ்பிரிட் வாசனை.

இருநூற்று ஐம்பத்து மூன்று.

மறுநாள் இருநூற்று ஐம்பத்தொன்பது. நாளுக்கு ஒரு மணி நேரம். கோடு தட்டைதான்.

பூட்டை மாற்றினேன். சாவியை ஃபேக்டரி லாக்கரில் விட்டு வந்தேன். காலையில் சத்தம் கேட்டது. சாயங்காலம் திறந்தபோது ஆறு சென்டிமீட்டர் கூடியிருந்தது.

ஏழாம் நாள் ஞாயிறு. சகீனாவை வரச் சொல்லியிருந்தேன். டூட்டிக்குப் போகும் வழியில் ஆறரைக்கே வந்துவிட்டாள். இருவரும் சத்தத்தைக் கேட்டோம். அது நின்றதும் பீரோவைத் திறந்தேன்.

இருநூற்று எண்பத்தொன்பது. நாற்பத்தெட்டு மணி, பத்து நிமிடம்.

நுனியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். கோடு அகலமாகி, குறுகி, மறுபடி அகலமாகி இருந்தது.

"எந்தக் கொழந்தையோடது அண்ணா இது?" என்றாள். குரல் இறங்கியிருந்தது. "நல்லா இருக்கே."



அவள் விரல் ஓரத்தில் நின்றது. ஹெப்சியின் கையெழுத்து. மை காயவில்லை. விரலில் ஒட்டியது.

'6.40. அப்பா வந்துட்டார்.'

சகீனா சுருளைக் கீழே போட்டுவிட்டு வெளியே போனாள். செருப்பைக்கூட எடுக்கவில்லை.

பாஸ்டர் சொன்ன ஸ்தோத்திரத்தை நான் கேட்கவில்லை. ஹெப்சி என்னிடம் கடைசியாகச் சொன்னது இதுதான், சிரித்துக்கொண்டே, கோட்டைக் காட்டி:

"புள்ள தூங்குது. நீங்க வீட்டுக்குப் போய் குளிச்சிட்டு வாங்க."