வாய் திறக்காத மூன்று வாரம்

"இன்னைக்கும் லீவா?" சட்டைப் பொத்தானைப் போட்டபடியே கணவன் கேட்டான்.

அவள் தண்ணீர் பாட்டிலைப் பைக்குள் வைத்தாள்.

"மூணு வாரமா அம்மாவை எங்க இழுத்துட்டு அலையுற? ஆளே பாதியா போயிட்டாங்க..."

ஏழு மாத வயிற்றோடு ஓய்வுக்கு வந்திருந்த நாத்தனார் நாற்காலியிலிருந்தே சொன்னாள். "அண்ணி எப்படிச் சொல்லுவாங்க? வீடு அம்மா பேர்ல இருக்கு. எதையாவது எழுதி வாங்கத்தான் அலையுறாங்க."

அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது. ஆனாலும் அவள் வாய் திறக்கவில்லை.

அவள் ஸ்கேன் சென்டரில் வேலை பார்ப்பவள். 'ஊரார் வயித்தை எட்டிப் பாக்குற வேலை' என்று பத்து வருடமாகக் குத்திக்காட்டி வந்த மாமியார், மூன்று வாரத்துக்கு முன் அங்கே பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"வயிறு உப்பிக்கிட்டே வருது. அடிக்கடி ஒண்ணுக்கு முட்டுது. வேற யார்கிட்டயும் காட்டக் கூச்சமா இருக்கு... நீயே பாரு."

சிறுநீர்ப்பை நிரம்பினால்தான் உள்ளே தெளிவாகத் தெரியும் என்று தண்ணீர் குடிக்கவைத்து, ஒரு மணி நேரம் காக்கவைத்தாள். பிறகு அடிவயிற்றில் ஜெல் தடவிக் கருவியை நகர்த்தினாள். கர்ப்பப்பைக்கு வலப்பக்கம், சினைப்பை இருக்க வேண்டிய இடத்தில், இரண்டு கைப்பிடி அளவுக்கு ஒரு கட்டி. வெறும் நீர்க்கட்டி என்றால் கவலைப்பட்டிருக்க மாட்டாள். இதற்குள்ளே தடுப்புகள் இருந்தன; உட்சுவரில் கெட்டியாக ஒரு புடைப்பு; அதில் ரத்தம் ஓடுவதும் திரையில் நிறமாகத் தெரிந்தது. புற்றுநோயாகவும் இருக்கலாம்.

அளவெடுத்தாள். டாக்டரை அழைத்துக் காட்டினாள்.

"ஆபரேஷன் பண்ணி எடுத்துடணும். எடுத்துச் சோதிச்சாதான் என்னன்னு உறுதியாச் சொல்ல முடியும்" என்றார் அவர்.

திரும்பும் வழியில் மாமியார் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "என் பொண்ணுக்கு ரெண்டு தடவை கலைஞ்சு போச்சு. இது தெரிஞ்சா தாங்க மாட்டா. ஆபரேஷனுக்கு நாள் குறிக்கிற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லாதே. உன் புருஷன்கிட்டயும்தான்."

அவள் வாக்குக் கொடுத்துவிட்டாள். அதன் பிறகு ரத்தப் பரிசோதனை, இதயப் பரிசோதனை என்று லீவெல்லாம் கரைந்தது.

இப்போது உள்ளறைக் கதவு திறந்தது. மாமியார் பையோடு வந்து நின்றார்.

"அவ ஒண்ணும் எழுதி வாங்கலை. என் வயித்துல கட்டி. அதைக் கண்டுபிடிச்சதே இவதான். யார்கிட்டயும் சொல்லாதேன்னு வாயைக் கட்டிப்போட்டது நான். இன்னைக்கு அட்மிட் ஆகணும். நீ வந்து கையெழுத்துப் போடு."

கணவன் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு பையை வாங்கினான். ஆஸ்பத்திரிப் படியில்தான் அவனுக்குப் பேச்சு வந்தது.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லாதேன்னு கேட்டது உங்கம்மா. நீங்க கேட்டிருந்தாலும் இப்படித்தான் இருந்திருப்பேன்."

அவன் கையெழுத்துப் போட உள்ளே நடந்தான்.

ஆபரேஷனில் கட்டி உடையாமல் முழுதாக வெளியே வந்தது. மாமியார் வீடு திரும்பிய ஐந்தாம் நாள் ரிப்போர்ட்டும் வந்தது. புற்றுநோய் இல்லை. அவள் அதைக் கட்டிலருகே நின்று இரண்டு முறை படித்துக் காட்டினாள்.

நாத்தனார் மெல்ல எழுந்து வந்தாள். "அண்ணி... நான் பேசினதை..." அண்ணியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மினாள்.

அவள் கை தானாக நாத்தனாரின் முதுகுக்குப் போனது. அன்று கேட்ட சொல் மறக்கவில்லை. ஆனாலும் கண் நிறைந்துவிட்டது.

"ரெண்டு பேரும் வெளியில போய் அழுங்கடி" என்றார் மாமியார் கட்டிலிலிருந்து. "எனக்கும் அழுகை வருது... அழுதா தையல் இழுக்குது."