அடைக்காத வால்வு

மோட்டார் மெக்கானிக் நஜீமுதீன் வால்வைக் கழற்றினான். மூன்று வருஷம் தாங்க வேண்டிய ரப்பர் வளையம், போட்டு இருபதே நாளில், ஊறிய அப்பளம் மாதிரி பிய்ந்து கையோடு வந்தது. மோட்டார் அறையின் குளோரின் நெடிக்கும் ஈரச் சிமெண்டு வாடைக்கும் நடுவே, குழாய்க்குள் எங்கோ தண்ணீர் அசைகிற சத்தம், யாரோ மூச்சை அடக்கி அடக்கி விடுவதுபோல நின்று நின்று கேட்டுக்கொண்டிருந்தது.

வீரபாண்டியில் பனியன் கம்பெனி நடத்தும் மகுடேஸ்வரன் வீட்டு உப்புநீர் நீச்சல்குளம் அது. தேய்க்கும்போது மிதக்கும் பாசியை மேல்துளை வழியாக இழுக்க மோட்டார் ஓடியாக வேண்டும். ஆள் இறங்கும்போது அடித்துளையை மட்டும் இந்த வால்வு அடைக்கும். மூட்டை மூட்டையாய் உப்புக் கரைக்கிற சாயப்பட்டறைக்கே தாங்குகிற ரப்பர், குளத்துக்குத் தாங்காதா என்று பெரிய கெட்டிக்காரனாய் முதலில் அதையே மாட்டியிருந்தான். இங்கே மெஷின் உப்பிலிருந்து குளோரின் எடுக்கும்; குளோரின் அந்த ரப்பரைத் தின்றுவிட்டது. கைப்பிடி மூடியதாகக் காட்டியது, உள்ளே மூடவில்லை. போன மாதம் அடித்துளையைத் தேய்க்க இறங்கிய வேலைக்கார வெள்ளையம்மாளை அது இழுத்துப் பிடித்துக்கொண்டது; பிணமாகத்தான் எடுத்தார்கள். வழுக்கி விழுந்துவிட்டார் என்று போலீசிடம் சொன்னவன் இவன்தான். அப்புறம் யாருக்கும் தெரியாமல் சரியான ரப்பரை வாங்கிப் போட்டான். அதற்கும் இந்தக் கதி.

"ஏனுங்க பாய், ஆச்சுங்களா?"

வெள்ளையம்மாளின் மகள் இந்துமதி. அம்மாவின் வேலைக்கு இன்றுதான் வந்திருக்கிறாள்.

"வால்வுல கோளாறுங்களா?" பின்னால் நின்ற மகுடேஸ்வரன் இழுத்தார். "அப்ப அன்னைக்கும்..."

"இல்லீங்கண்ணா. சும்மா பார்த்தனுங்க. எல்லாம் சரியா இருக்குதுங்க."

பாவி, பொய்யைச் சொல்லிவிட்டான். உண்மையைச் சொன்னால் ஜெயில். வளையமே இல்லாத வால்வை மூடித் திருகினான். மகுடேஸ்வரன் சுவிட்சைப் போட்டுவிட்டுப் போனார். இந்துமதி இறங்கினாள்.

மோட்டார் உறுமியது. நிறுத்த வேண்டும். கை எழவில்லை. அவள் முங்கினாள். தண்ணீர் மூடிக்கொண்டது. ஒரு குமிழி. இன்னொன்று. அப்புறம் இல்லை. யா அல்லாஹ், நான் கொன்றுவிட்டேன்.

தலை மேலே வந்தது.

"இழுக்கவே இல்லீங்க பாய். நல்லா அடைச்சிருக்குது."

அவனுக்கு அழுகை வந்துவிட்டது. அடைக்க அங்கே ஒன்றுமே இல்லையே. அவள் கரையேறிப் போனதும் மோட்டாரை நிறுத்தினான். திருகுகளைக் கழற்றினான். மூடியைத் தூக்கினான்.

வளையம் இருக்க வேண்டிய இடத்தில் பத்து விரல்கள். ஊறி வெளுத்தவை. வட்டமாய், இடைவெளியே இல்லாமல், உள்ளிருந்து அழுத்தியபடி. மோட்டார் நின்றது தெரியாமல் அவை இன்னும் இறுக்கிக்கொண்டிருந்தன.