மூச்சு முட்டிய சிவப்பு கார்

"ஏ யக்கா! இது பெட்ரோலா, மண்ணெண்ணெயா?"

1986. சனிக்கிழமை காலை பத்து மணி. ராஜபாளையம் ரோட்டில் ஆவுடையம்மாளின் பெட்ரோல் பங்க் முன்னால் அந்தச் சத்தம் கேட்டதும், டீக்கடையில் இருந்த பாதிப் பேர் தம்ளரோடு ஓடி வந்துவிட்டார்கள்.

கத்தியவன் வெள்ளத்துரை. எண்ணெய் மில் முதலாளி, கார்ப் பைத்தியம். இரண்டு கதவு வைத்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரில் சிங்கப்பூரிலிருந்து வரவழைத்த டர்போவைப் பூட்டியிருந்தான். எஞ்சின் விடும் புகையின் வேகத்திலேயே சுழன்று, காற்றை இழுத்து அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கும் சாமான் அது. வியாழக்கிழமை வரை கார் பறந்தது. வெள்ளிக்கிழமை பூஜை போட்டார்கள். நாளை திருநெல்வேலியில் பந்தயம். இன்று காலை பார்த்தால், கரிவலம் ரோட்டில் அறுபதைத் தாண்ட மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது.

"பாட்டில்ல பிடிச்சு வச்சிருக்கேன். திங்கக்கிழமை சப்ளை ஆபீஸர் கையில குடுக்கேன். பங்க்குக்கு சீல்தான்!"

பெட்ரோல் போட நின்ற டாக்சி ஒன்று நைசாக நழுவியது. அதைப் பார்த்ததும் ஆவுடையம்மாள் வெள்ளத்துரைக்கு நேரே வந்து நின்றாள். ஒரு பொம்பளை பங்க் நடத்துகிறாளா என்று சிரித்த ஊரில், கலப்படம் என்ற பேச்சு வராமல் இத்தனை வருஷம் காத்த பெயர். அது ஒரு காரோடு போவதா?

"தம்பி, சாயந்தரம் வரைக்கும் வாயை மூடிட்டு இரும். கோளாறு எதுன்னு நான் காட்டுதேன். காட்டலைன்னா நானே பங்க் சாவியைக் குடுத்துட்டுப் போறேன்."

கூட்டம் "ஓ"வென்றது. சும்மா வெயில் காய்ந்த ஊருக்கு அன்று நல்ல வேட்டை!

கார் வெள்ளத்துரை வீட்டு ஷெட்டுக்குப் போனது. மெக்கானிக் சங்கரசுப்பு கையைப் பிசைந்துகொண்டு நின்றார். டர்போவைப் பூட்டியவர் அவர்தான். பெட்ரோல் மேல் பழி விழுந்தால் தன் தலை தப்பும் என்பதும் அவருக்குத் தெரியும்.

"அண்ணாச்சி, நின்ன இடத்துல ஆக்ஸிலேட்டரை மிதியும்," என்றாள் ஆவுடையம்மாள்.

மிதித்தார். எஞ்சின் கணீரென்று உறுமியது.

"இங்கன நல்லாத்தானே இருக்கு?"

"லோடு ஏறணும்லா மதினி. ரோட்டுல டர்போ விசில் அடிச்சு இழுக்க ஆரம்பிச்சதும் செத்துப்போவுது. காலை எடுத்தா சரியாயிருது."

"விசில் கேக்குதா?"

"கேக்குது."

"அப்போ டர்போ சுத்துது. புகை?"

"கன்னங்கரேல்னு."

ஆவுடையம்மாள் நிமிர்ந்தாள். "பிளக்கைக் கழத்தும்."

பிளக் நுனியில் கரி அப்பியிருந்தது. அவள் அதை விரலால் தேய்த்துப் பார்த்தாள். பிறகு கோவில்பட்டியிலிருந்து ஒரு கேன் பெட்ரோல் வாங்கி வரச் செய்து, பழையதை இறக்கிவிட்டு அதை ஊற்றினார்கள். கரிவலம் ரோட்டில் மறுபடி ஓட்டம். அறுபது வந்ததும் அதே திணறல், அதே கறுப்புப் புகை.

"இப்போ என்னவே சொல்லுதீரு?" என்றாள்.

வெள்ளத்துரை விடவில்லை. "டாங்க்குல உங்க சரக்கு மிச்சம் இருக்கும்!"

வீம்பு பிடித்தவனிடம் பேசி ஆவதென்ன? ஆவுடையம்மாள் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே குனிந்தாள். பூஜைச் சந்தனம் காய்ந்து கிடந்தது. ரேடியேட்டருக்கு ஒரு பொட்டு, பேட்டரிக்கு ஒரு பொட்டு. காற்றை வடிகட்டும் ஏர் கிளீனர் மூடிக்கும் ஒன்று, மூடியை இறுக்கும் காது நட்டின் மேலேயே. அந்தப் பொட்டில் பாதி நட்டிலும் பாதி மூடியிலும் இருந்தது. ஒன்று வடக்கே பார்த்தால் மற்றது தெற்கே.

மோர் கொண்டுவந்த பேச்சித்தாய் எட்டிப் பார்த்தாள். வெள்ளத்துரையின் பெண்டாட்டி.

"அப்போ நாளைக்கு இவுக போக மாட்டாகளா மதினி?"

அந்தக் குரலில் கவலை இல்லை. ஆவுடையம்மாள் மோரை வாங்கிக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தாள்.

"பொட்டு யாரு வச்சா?"

"ஐயர் வச்சாரு."

"அண்ணாச்சி, பூஜைக்குப் பொறவு இந்த மூடியைத் தொறந்தீரா?"

"எதுக்கு? வியாழக்கிழமைதானே புது பில்டர் போட்டேன். நேத்து காருக்குக் கிட்டயே போவல."

"ராத்திரி ஷெட்டுச் சாவி?"

"வீட்டுக்குள்ளதான்," என்றான் வெள்ளத்துரை. "இதெல்லாம் எதுக்குக் கேக்கீக?"

மணி மூன்று. ஆவுடையம்மாள் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"கறுப்புப் புகைன்னா என்ன? பெட்ரோல் தாராளமா வருது, காத்து வரல. சோக்கை இழுத்துவிட்டு ஓட்டுன மாதிரி. மண்ணெண்ணெய் கலந்திருந்தா நின்ன இடத்துலயும் இருமும். இது காத்தை நிறைய இழுக்கும்போது மட்டும் முட்டுது. மூக்கை எதுவோ அடைக்குது."

"மூக்குலதான் ஒண்ணும் இல்லையே!" என்றார் சங்கரசுப்பு.

"நீரு வெளியில பார்த்தீரு. இந்தப் பொட்டைப் பாரும். ஐயர் வைக்கும்போது ஒரே பொட்டு. காஞ்ச பொறவு எவரோ நட்டைத் திருகித் தொறந்து, மறுபடி மூடியிருக்காங்க. ரெண்டு பாதியும் பழையபடி ஒட்டல. சாவி வீட்டுக்குள்ள. ஸ்பேனர் தேவையில்ல, கையாலயே திருகலாம். தொறங்க!"

சங்கரசுப்பு திறந்தார். பில்டர் வளையத்துக்கு நடுவே, காற்று உள்ளே போகும் கார்புரேட்டர் வாயில் போட்ட கம்பி வலைக்குப் பக்கத்தில், மஞ்சள் துணி முடிச்சு ஒன்று கிடந்தது. உள்ளே கோமதியம்மன் கோயில் புற்றுமண். முடிச்சு கனம், துணியின் வால் தளர்வு. மெதுவாக ஓடினால் கிடந்த இடத்தில் கிடக்கும். டர்போ வெறிகொண்டு இழுத்தால் வால் எழும்பி வலையில் அப்பிக்கொள்ளும். காலை எடுத்தால் விழுந்துவிடும். மண் உள்ளே போகாதது அம்மன் புண்ணியம்!

"பேச்சி," என்றாள் ஆவுடையம்மாள். "நீதான?"

பேச்சித்தாய் மோர்ச் செம்பைக் கீழே வைத்தாள்.

"டேஷ்போர்டுல வச்சா தூக்கி எறிஞ்சிருவாக மதினி. மூடி போட்ட டப்பா, பத்திரமா இருக்கும்னு வச்சேன். அம்மன் மண்ணு கூட இருந்தா உசுரோட திரும்பி வருவாகன்னுதான். சத்தியமா ஓடாம ஆக்க வைக்கல."

"சரி. காலையில கார் ஓடலைன்னு தெரிஞ்சதும்?"

பேச்சித்தாய் தலை குனிந்தாள். "சந்தேகம் வந்துச்சு. ஓடலைன்னா போக மாட்டாகள்லா... பேசாம இருந்துட்டேன்."

"ஏட்டி! ஒம் புருஷன் பொழைக்கணும்னா என் பங்க் சாவணுமா?"

ஆவுடையம்மாளுக்குக் காலையிலிருந்து அடக்கி வைத்த அழுகை அப்போதுதான் வந்தது. பெண்டாட்டியை அறைய எழும்பிய வெள்ளத்துரையின் கை அதைக் கண்டு தானாக இறங்கியது.

"யக்கா, நான் திங்கக்கிழமை எங்கயும் போவல. இதை வீட்டுக்குள்ளயே விட்டுருவோம்."

"வீட்டுக்குள்ள விடுறதுக்கு நீரு வீட்டுக்குள்ளயா கத்தினீரு?"

பேச்சித்தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு காரில் ஏறி உட்கார்ந்தாள். "எடுங்க காரை. பங்க்குக்கு."

முடிச்சை எடுத்து, இறக்கிய பழைய பெட்ரோலையே திரும்ப ஊற்றினார்கள். கார் கரிவலம் பக்கம் போய்ச் சுற்றிக்கொண்டு வந்தது. அறுபது, எண்பது, நூறு! விசில் ஊரையே கூப்பிட, டீக்கடை மறுபடி காலியானது. பங்க் முன்னால் இறங்கிய பேச்சித்தாய், புருஷனைத் தவிர எந்த ஆண்பிள்ளை முகத்தையும் பார்த்துப் பேசியிராதவள், நடுரோட்டில் நின்று சொன்னாள்.

"பெட்ரோல்ல ஒரு குத்தமும் இல்ல. காரைக் கெடுத்தது நான். தெரிஞ்சும் வாயை மூடிட்டு இருந்தது நான். கேட்டுக்கிடுங்க எல்லாரும்!"

வெள்ளத்துரை மெல்ல வந்து அவள் பக்கத்தில் நின்றான்.

"விசாரிக்காம கத்துனது நான்," என்றான், காலையில் கத்திய அதே தொண்டையில். "யக்கா, ஃபுல் டாங்க் அடிங்க."

பின்னால் டாக்சிகள் முண்டியடித்தன. ஆவுடையம்மாள் பம்ப் குழாயைத் தூக்கினாள்.

"வரிசையில வாங்கவே!"