உச்சிக்குழிக்குள் ஒரு சத்தம்

மின்சாரம் போனதும் பேதம்செர்ல ஊரின் கல் மெருகேற்றும் பட்டறைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்து, மின்விசிறி கடைசியாக ஒருமுறை கிறீச்சிட்டு நின்று, கல்தூசியும் வேப்பம்புகையும் மணக்கும் அந்த நண்பகல் அறை முழுதாக அடங்கிய பிறகும், ஒரு சத்தம் மட்டும் நிற்கவில்லை. மூடிய கதவுக்குப் பின்னால் யாரோ மூச்சுவிடுவது போல. உஷ்... உஷ்... சௌஜன்யா தொட்டிலில் குனிந்து, பிறந்து சில நாளே ஆன மகனின் தலையில் காதை வைத்தாள்.

அங்கேதான் இருந்தது.

மாமியார் ஓபுலம்மாவும் காது வைத்துப் பார்த்தாள்; அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளை பெற்றவளுக்குக் காது இரையத்தான் செய்யும், பெயர் சூட்டாத குழந்தை வாசல் தாண்டக்கூடாது என்றாள்.

"உங்கம்மா வீட்டுல எல்லாருக்கும் காது இப்படித்தானா?"

"எனக்குக் கேக்குது அத்தம்மா. வழிய விடுங்க."

வாசல் நிலையில் குறுக்கே நீட்டியிருந்த மாமியாரின் கையைச் சௌஜன்யா தானே இறக்கிவிட்டு, பிள்ளையோடு வெயிலில் இறங்கினாள். பிள்ளை பால் குடிக்காமல் மூச்சிரைத்தது. திட்டிக்கொண்டே வந்த ஓபுலம்மாவும் ஆட்டோவில் ஏறிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் குழந்தை டாக்டர் மார்பைத்தான் சோதித்தார். ஸ்டெதாஸ்கோப்பைத் தலையில் வைத்துக் கேளுங்கள் என்று சௌஜன்யா விடாமல் நின்றாள். கேட்டவர் முகம் மாறியது. உச்சிக்குழியில் பசை தடவி, ஜெனரேட்டரில் ஓடிய ஸ்கேன் கருவியை அழுத்தினார். திரையில், மூளையின் நடுவே, கறுப்பாக ஒரு பை துடித்தது.

"மூளையோட ஆழத்துலேர்ந்து ரத்தத்த வெளிய கொண்டுபோற குழாய்ம்மா. வீங்கிப்போயிருக்கு. இதயம் தாங்காது. இப்பவே கர்னூல் பெரியாஸ்பத்திரிக்குக் கிளம்புங்க."

"பொழச்சுருவானா?"

"சீக்கிரம் போனா வழியிருக்கு."

ஓபுலம்மா சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். சௌஜன்யா அழவில்லை. பிள்ளையை வாரி மார்போடு கட்டிக்கொண்டாள். டாக்டர் கருவியைத் துடைத்துக் கொக்கியில் மாட்டினார்.

திரை அணையவில்லை.

கருவி கொக்கியில். பிள்ளை அவள் தோளில். கறுப்புப் பை மட்டும் துடித்தது. உஷ். அறை முழுக்க. உஷ். இப்போது ஓபுலம்மாவுக்கும் கேட்டது, காதைப் பொத்தினாள். டாக்டர் வயரைப் பிடுங்கினார்.

துடித்தது.

சௌஜன்யா திரையை நேராகப் பார்த்தாள்.

"இவன் எம்புள்ள. தரமாட்டேன்."

பிள்ளையோடு கதவை நோக்கி நடந்தாள். திரையில் அந்தக் கறுப்பு, அவள் போகும் பக்கமாக மெல்லத் திரும்பியது.